அப்பாவால் கையெழுத்துப் போட முடியாதபோது, அவருக்காக முடிவெடுக்கும் உரிமையைச் சட்டப்படி பெறுவது எப்படி?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்பவர் திருச்சியில் இருக்கும் ஒரு மகள். அப்பாவுக்கு 76 வயது, ஓய்வுபெற்ற அரசு ஊழியர், மூன்று வருடமாக டிமென்ஷியா. ஓய்வூதியம் வரும் கணக்கு, இரண்டு எஃப்டி, ஸ்ரீரங்கத்தில் ஒரு வீடு எல்லாமே அவர் பெயரில் மட்டும்தான் இருக்கின்றன. அம்மாவுக்கு 70 வயது, தம்பி சிங்கப்பூரில். பார்த்துக்கொள்ளும் ஆளுக்குச் சம்பளம், மருந்து, டயப்பர் என்று மாதாமாதம் பணம் கரைகிறது. அப்பா கையெழுத்து இல்லாமல் எஃப்டியை உடைக்க முடியாது என்கிறது வங்கி. "ஒரு பவர் பத்திரம் எழுதி அப்பாவிடம் கைரேகை வாங்கிவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது" என்கிறார் தெரிந்த பத்திர எழுத்தர். "இங்கே எல்பிஏ (லாஸ்டிங் பவர் ஆஃப் அட்டர்னி) என்று ஒன்று இருக்கிறது, அங்கேயும் இருக்கும், விசாரி" என்கிறான் தம்பி. யார் சொல்வது சரி?

இரண்டு பேர் சொல்வதும் உங்களுக்கு உதவாது. பத்திர எழுத்தர் சொல்வது ஆபத்தும்கூட. நான் மதுரையில் இருபது வருடத்துக்கு மேல் சிவில் வழக்குகள் நடத்துகிறேன். இதே கேள்வியோடு வருகிறவர்களில் பாதிப்பேர் அந்தக் கைரேகையை வாங்கிய பிறகுதான் வருகிறார்கள். நீங்கள் அதற்கு முன்பே கேட்டுவிட்டீர்கள், நல்லது.

முதலில் பவர் விஷயம். பவர் பத்திரம் என்பது ஒருவர் தன் வேலையைத் தனக்காகச் செய்ய இன்னொருவரை ஏற்படுத்துவது. அதைக் கொடுக்கும் நேரத்தில், தான் என்ன கொடுக்கிறோம் என்று கொடுப்பவருக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியாத நிலையில் வாங்கிய பவர் தொடக்கத்திலேயே செல்லாது. இது பலருக்கும் தெரியும். பலருக்கும் தெரியாத இன்னொன்று உண்டு. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவுப்படி, பவர் கொடுத்தவர் இறந்தால் பவர் முடிந்துவிடுகிற மாதிரியே, அவருக்குச் சித்தசுவாதீனம் போனாலும் முடிந்துவிடும். நல்ல தெளிவோடு இருந்தபோது ஐந்து வருடத்துக்கு முன் உங்கள் அப்பா முறையாகப் பதிவு செய்து பவர் கொடுத்திருந்தாலும், இன்று அது வெறும் காகிதம்தான். எப்போது தேவைப்படுமோ அப்போது பார்த்துக் கைவிடுகிற பத்திரம் அது.

தம்பி சொல்லும் எல்பிஏ இதற்கு நேர் எதிரானது. சிங்கப்பூரின் மனத்திறன் சட்டம் 2010 மார்ச்சிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. தெளிவாக இருக்கும்போதே "எனக்குத் தெளிவு போனால் இவர் பார்த்துக்கொள்ளட்டும்" என்று எழுதிப் பதிந்து வைத்தால், தெளிவு போன பிறகுதான் அது உயிர் பெறும். இங்கிலாந்திலும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இந்த ஏற்பாடு உண்டு. இந்தியாவில் அப்படி ஒரு பத்திரம் இல்லை. தம்பி மேல் தவறில்லை. அவன் இருக்கும் ஊரில் அது சாதாரண விஷயம்.

சரி, கைரேகை வைத்துப் பவர் வாங்கினால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று கேட்கலாம். பத்திரப்பதிவுச் சட்டத்தின் 35ஆம் பிரிவுப்படி, எழுதிக்கொடுப்பவர் சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று சார் பதிவாளருக்குத் தோன்றினால் அவர் பதிவை மறுக்க வேண்டும். ஒருமுறை நான் வேறு வேலையாகச் சார் பதிவாளர் அலுவலகத்தில் காத்திருந்தேன். ஒரு பெரியவரை இரண்டு பக்கமும் பிடித்து அழைத்து வந்தார்கள். சலவை வேட்டி, நெற்றியில் பளிச்சென்று விபூதி. சார் பதிவாளர் எழுந்து நின்று மரியாதையாக, "ஐயா, உங்க பேரு?" என்றார். பெரியவர் ஒரு பெயரைச் சொன்னார். பத்திரத்தைப் பார்த்தால் அது அவருடைய அப்பா பெயர். "எதுக்கு வந்திருக்கீங்க?" என்றார். "பொண்ணு பாக்க" என்றார் பெரியவர். கூட வந்த மகன் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். சார் பதிவாளர் பத்திரத்தை மடித்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். அந்தக் குடும்பத்துக்கு அது பெரிய அதிர்ஷ்டம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். பதிவாகியிருந்தால் இன்னொரு மகன் வழக்குப் போட்டிருப்பார். பெரியவருடைய மருத்துவச் சீட்டுகளே சாட்சியாகியிருக்கும். வீடு முடங்கியிருக்கும். கைரேகை வாங்கியவர் குற்ற வழக்குக்கும் பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

செட்டில்மென்ட் பத்திரம் எழுதி வீட்டை உங்கள் பெயருக்கோ அம்மா பெயருக்கோ மாற்றிவிடலாம் என்று சொல்பவர்களும் வருவார்கள். அதற்கும் இதே பதில்தான்.

இன்னும் இரண்டு தப்பான நம்பிக்கைகள் உண்டு. ஒன்று, "நான்தான் எஃப்டிக்கு நாமினி." நாமினிக்கு வேலை வருவது கணக்கு வைத்திருப்பவர் இறந்த பிறகுதான். மற்றொன்று, "நாங்கள்தானே வாரிசு." உயிரோடு இருப்பவருக்கு வாரிசு கிடையாது. அப்பா உயிரோடு இருக்கும்வரை அவர் சொந்தச் சம்பாத்தியத்தில் உங்களுக்கோ தம்பிக்கோ உரிமை இல்லை. மனைவி என்பதால் மட்டும் அம்மாவால் அதைக் கையாளவும் முடியாது. கல்யாணமாகி நாற்பது ஐம்பது வருடம் ஆனவர்களிடம் இதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் தெரியும் அதிர்ச்சிக்கு எனக்கு இன்னும் பழகவில்லை.

நீதிமன்றத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் அப்பாவால் இப்போது என்னென்ன முடிகிறது? நீங்கள் "டிமென்ஷியா" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். டிமென்ஷியா என்று எழுதிய சீட்டு வந்துவிட்டதாலேயே ஒருவர் சட்டத்தின் பார்வையில் திறன் இழந்தவர் ஆகிவிடுவதில்லை. பெரும்பாலும் தெளிவில்லாமல் இருந்து இடையிடையே தெளிவடைகிறவர், தெளிவான நேரத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவே சொல்கிறது. வீட்டை விற்பதன் விளைவு புரியாத ஒருவருக்கு, மாதம் இருபதாயிரம் எடுத்து மருந்துக்கடைக்குக் கொடுப்பது நன்றாகவே புரியலாம். ஒரு முடிவுக்குத் திறன் இல்லை என்பதால் எல்லா முடிவுக்கும் இல்லை என்று ஆகாது.

அதனால் முதல் வேலை மருத்துவரிடம். நரம்பியல் மருத்துவரோ மனநல மருத்துவரோ பார்த்து எழுதித் தர வேண்டும். "அல்சைமர், சிகிச்சையில் இருக்கிறார்" என்ற ஒற்றை வரிச் சான்றிதழ் எதற்கும் உதவாது. எந்தத் தேதியில் பார்த்தார்கள், இன்று என்ன கிழமை, இது எந்த ஊர், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள் என்றெல்லாம் கேட்டு 30க்கு மதிப்பெண் போடும் அந்தச் சோதனையில் எவ்வளவு வந்தது, பணத்தைப் பற்றியும் சொத்தைப் பற்றியும் சொன்னால் புரிந்துகொண்டு, நினைவில் நிறுத்தி, பதில் சொல்ல முடிகிறதா, நிலைமை தேற வாய்ப்புண்டா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். மருத்துவரிடம் இப்படிக் கேட்டு வாங்கத் தயங்காதீர்கள். நீதிபதி படிக்கப்போவது அதைத்தான்.

இன்னும் ஓரளவு தெளிவு இருக்கிறது என்று மருத்துவர் சொன்னால், அந்த இடைவெளியில் செய்யக்கூடியவை உண்டு. வங்கிக் கணக்கிலும் எஃப்டியிலும் அம்மாவைச் சேர்த்து, இருவரில் யார் வேண்டுமானாலும் இயக்கலாம் என்ற முறையில் மாற்றலாம். எஃப்டியை முதிர்வுக்கு முன்பே அப்படி ஒருவர் உடைக்கலாம் என்ற ஒப்புதலையும் அப்போதே எழுதி வாங்குங்கள். பலர் இதை விட்டுவிட்டுப் பின்னால் திண்டாடுகிறார்கள். உயில் எழுத அவருக்கு விருப்பம் இருந்தால், அன்றைய தேதியில் மருத்துவச் சான்றோடு எழுதலாம். நடக்க முடியாதவர் என்றால் சார் பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவதற்குச் சட்டத்தில் இடமுண்டு. இதெல்லாம் உங்களுக்குக் காலம் கடந்துபோயிருக்கலாம். ஆனால் இதைப் படிக்கிறவர்களில் யாருடைய அம்மாவோ இப்போதுதான் சாவியை எங்கே வைத்தோம் என்று தேடத் தொடங்கியிருப்பார்.

கைரேகை பற்றி வங்கியில் ஒரு குழப்பம் நடப்பதுண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். உடல் முடியாமல் கையெழுத்துப் போட முடியாதவர்கள் கைரேகை வைத்துப் பணம் எடுக்கலாம். அதுவும் முடியாவிட்டால் கால் பெருவிரல் ரேகை வைக்கலாம். இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். இது ரிசர்வ் வங்கி சொன்னது. ஆனால் இது உடல் முடியாதவருக்கான சலுகை. பக்கவாதம் வந்து கை அசையவில்லை, புத்தி தெளிவாக இருக்கிறது என்றால் இதைத் தாராளமாகக் கேளுங்கள். எங்கள் உறவுக்காரர் ஒருவருக்கு இந்த வசதியைத் தர மாட்டேன் என்று ஒரு வங்கிக் கிளை முரண்டு பிடித்து, கடைசியில் ஆம்புலன்ஸில் படுக்க வைத்து வங்கி வாசலுக்கே கொண்டுபோனோம். மேலாளர் படியிறங்கி வந்து, வண்டிக்குள் எட்டிப் பார்த்து, "சார், சம்மதமா?" என்று கேட்டார். அவர் கண்ணை மூடித் திறந்தார். இரண்டு சொட்டுக் கண்ணீர் வந்தது. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்! புத்தி தெளிவாக இருந்த மனிதர் அவர், அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை. உங்கள் அப்பா விஷயம் வேறு. புரியாதவர் வைக்கும் ரேகைக்கு எத்தனை சாட்சி இருந்தாலும் பயனில்லை. அதனால் உங்கள் வங்கி மறுப்பதை நான் குறை சொல்ல மாட்டேன்.

இனி சட்டப்படியான அதிகாரம். இந்தியாவில் இதற்கு ஒரே கதவு கிடையாது. யாருக்கு என்ன பிரச்சினை என்பதைப் பொறுத்துக் கதவு மாறும். தப்பான கதவைத் தட்டி ஒரு வருடம் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டம் மைனர்களுக்கானது. இணையத்தில் தேடினால் முதலில் அதுதான் வரும். அதில் உங்களுக்கு வேலையில்லை.

1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டும். பிள்ளைக்கு 18 வயது முடிந்ததும் பெற்றோர் இயற்கைக் காப்பாளர் என்ற நிலை போய்விடும். அதன்பின் மாவட்ட ஆட்சியர் தலைமையில் இருக்கும் உள்ளூர் அளவிலான குழுவிடம் விண்ணப்பித்துக் காப்பாளர் சான்றிதழ் வாங்க வேண்டும். ஆட்சியர், பதிவு பெற்ற தொண்டு அமைப்பின் பிரதிநிதி ஒருவர், மாற்றுத்திறனாளி ஒருவர் என்று அந்தக் குழுவில் மூன்று பேர். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும் என்பது சட்டம். அப்பா அம்மா சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். ஒருவர் இறந்துவிட்டாலோ, பிரிந்துவிட்டாலோ, விட்டுப்போய்விட்டாலோ மற்றவர் தனியாகச் செய்யலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் போய்க் கேட்டால் வழி சொல்வார்கள். இந்தச் சான்றிதழை வங்கிகள் ஏற்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியும் சொல்லியிருக்கிறது. நீதிமன்றம், வக்கீல் எதுவும் தேவையில்லாத நல்ல வழி. ஆனால் வயதான பிறகு வரும் டிமென்ஷியா அந்த நான்கில் வராது. "ஆட்சியரிடம் மனு கொடுத்தால் போதும்" என்று உங்களிடம் யாராவது சொன்னால் அவர் இதை மனதில் வைத்துத்தான் சொல்கிறார்.

மனநோய் உள்ளவர்களின் சொத்துக்குக் காப்பாளரை நியமிக்க 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் ஒரு முழு அத்தியாயமே இருந்தது. மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டு, விசாரணை நடத்தி, ஆணை வாங்கலாம். அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டு 2017இல் மனநலப் பராமரிப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். நோயாளியின் உரிமை என்ற கோணத்தில் அது மிக நல்ல சட்டம். முன்கூட்டியே எழுதிவைக்கும் சிகிச்சை விருப்ப ஆவணம், நோயாளி தானே தேர்ந்தெடுக்கும் பிரதிநிதி எல்லாம் அதில் உண்டு. அவர் யாரையும் தேர்ந்தெடுக்காவிட்டால் உறவினர் அந்த இடத்தில் வருவார். ஆனால் அந்தப் பிரதிநிதியின் அதிகாரம் மனநலச் சிகிச்சையோடு நின்றுவிடும். வங்கிக்குப் போய் அதைக் காட்டி ஒரு ரூபாய் எடுக்க முடியாது. பழைய சட்டத்தின் சொத்து அத்தியாயத்துக்குப் பதிலாகப் புதிய சட்டத்தில் எதையும் வைக்காமல் விட்டுவிட்டார்கள். சரியான ஓட்டை. இன்று உங்களைப் போன்ற குடும்பங்கள் அலைவதற்குப் பெரிய காரணம் அதுதான்.

அப்புறம், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அதன் 14ஆம் பிரிவில் "வரையறுக்கப்பட்ட காப்பாளர்" என்ற ஏற்பாடு இருக்கிறது. மாவட்ட நீதிமன்றமோ மாநில அரசு அறிவிக்கும் அதிகாரியோ நியமிக்கலாம். குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட முடிவுகளுக்கு மட்டும், அதுவும் அந்த நபரையும் கலந்துகொண்டு, அவர் விருப்பத்துக்கு ஏற்ப முடிவெடுக்க வேண்டும். தேவைப்பட்டால் முழு ஆதரவும் தரலாம். வேறு சட்டங்களின் கீழ் நியமிக்கப்பட்டவர்களும் இந்த எல்லைக்குள்தான் நடக்க வேண்டும் என்கிறது இந்தச் சட்டம். மாற்றுத்திறனாளிகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை 2007இல் இந்தியா ஏற்றுக்கொண்டதன் தொடர்ச்சி இது. "அவருக்குப் பதிலாக நான்" என்ற எண்ணத்தை விட்டு "அவரோடு சேர்ந்து நான்" என்று மாறச் சொல்கிறது. மிதமான நிலையில் இருப்பவருக்கு, ஒன்றிரண்டு குறிப்பிட்ட காரியங்களுக்கு, இது பொருத்தமான வழி. பேரும் ஊரும் மறந்து படுக்கையில் இருப்பவருடைய வீட்டை விற்கவோ பெரிய தொகையை எடுக்கவோ இந்த ஆணையை மட்டும் வைத்துக்கொண்டு போனால், சில வங்கிகளும் வாங்குபவரின் வக்கீலும் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

அதனால் உங்கள் அப்பாவின் நிலை அந்த அளவுக்கு முற்றியிருந்தால், நான் சொல்லும் கதவு உயர் நீதிமன்றம்.

தானே தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத குடிமக்களுக்கு அரசே பெற்றோர் என்பது பழைய கோட்பாடு. அந்த இடத்தில் இருந்துகொண்டு, அரசியலமைப்பின் 226ஆம் பிரிவின் கீழ் வரும் ரிட் மனுவில் உயர் நீதிமன்றம் காப்பாளரை நியமிக்கிறது. கோமாவில் இருப்பவர்களுக்கு இந்தியாவில் தனிச் சட்டமே இல்லாததால், அந்தக் குடும்பங்கள் தட்டித் தட்டித் திறந்த கதவு இது. 2019இல் கேரள உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் இதற்கு வழிமுறைகளையே வகுத்துக் கொடுத்தது. நோயாளியின் சொத்து விவரம் முழுவதையும் மனுவில் சொல்ல வேண்டும். நரம்பியல் நிபுணர் இருக்கும் மருத்துவக் குழு பரிசோதிக்க வேண்டும். தாசில்தார் நிலைக்குக் குறையாத வருவாய் அதிகாரி நேரில் விசாரித்து அறிக்கை தர வேண்டும். நியமிக்கப்பட்ட பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்ட வேண்டும். கோமாவுக்காகத் தொடங்கிய இந்த வழியில் டிமென்ஷியா, அல்சைமர் நோயாளிகளின் குடும்பங்களும் நீதிமன்றங்களுக்கு வந்து ஆணை பெறுகின்றன.

நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் 2024 மே மாதம் வந்த தீர்ப்பை உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள். கணவர் கோமாவில். அவர் பெயரில் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சொத்து. சிகிச்சைக்கும் குடும்பத்துக்கும் பணம் வேண்டும் என்று மனைவி மனுப் போட்டார். தனி நீதிபதி சிவில் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லிவிட்டார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. ஒரு நோயாளியை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணை மறுபடி சிவில் நீதிமன்றத்துக்கு அலையவிடுவது சரியல்ல என்று சொல்லி, மனைவியையே காப்பாளராக நியமித்து, சொத்தை விற்கவும் அனுமதி கொடுத்தது. கூடவே நிபந்தனை: விற்ற பணத்தில் 50 லட்சத்தைக் கணவர் பெயரில் நிரந்தர வைப்பில் போட வேண்டும், அதன் வட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மனைவி எடுத்துக்கொள்ளலாம். நீதிமன்றம் எப்படி யோசிக்கிறது என்பது அந்த நிபந்தனையில் தெரிகிறது. காரியம் நடக்க வேண்டும், ஆனால் நோயாளியின் பணம் நோயாளிக்குத்தான்.

திருச்சி மாவட்டம் மதுரைக் கிளையின் எல்லைக்குள் வரும். சென்னைக்குப் போக வேண்டியதில்லை. சென்னையில் இருப்பவர்களுக்கு இன்னொரு பழைய வழியும் உண்டு, உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் கொடுத்த 1865ஆம் ஆண்டு அரச சாசனத்தின் (லெட்டர்ஸ் பேட்டன்ட்) 17ஆம் கூறு. அதில் இன்னும் மைனர்களையும் "பைத்தியங்களையும்" ஒரே மூச்சில்தான் சொல்லியிருக்கிறது. விக்டோரியா காலத்து வார்த்தை, அப்படியே கிடக்கிறது.

மனுவைப் பற்றி என் அனுபவத்தில் சொல்ல வேண்டியது, கேட்பதைத் துல்லியமாகக் கேளுங்கள் என்பதுதான். "என் அப்பாவின் அசையும் அசையாச் சொத்துகள் அனைத்துக்கும் என்னைக் காப்பாளராக நியமிக்க வேண்டும்" என்று மொத்தமாகக் கேட்டால் நீதிபதிக்குச் சந்தேகம்தான் வரும், எதிர்மனுக்கள் கிளம்பும், வழக்கு நீளும். ஆணை கிடைத்தாலும், அதில் கணக்கு எண் இல்லை என்று வங்கி திருப்பி அனுப்பும். இது நான் பட்ட அனுபவம். ஒரு வரியில் கணக்கு எண்ணைப் போடாமல் விட்டதற்காகத் திருத்த மனுப் போட்டு, மறுபடி வரிசையில் நின்று, இரண்டு மாதம் போயிற்று. அதிலிருந்து பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் மனுவின் கடைசிப் பத்தியை எழுதுகிறேன். ஓய்வூதியக் கணக்கை இயக்க, இந்த இரண்டு எண்ணுள்ள எஃப்டிகளை உடைக்க அல்லது புதுப்பிக்க, வீட்டுவரியும் மின்கட்டணமும் கட்ட, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய, சிகிச்சை பற்றி முடிவெடுக்க என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். வீட்டை விற்க வேண்டிய தேவை இப்போது இல்லையென்றால் கேட்காதீர்கள். பின்னால் தேவைப்பட்டால் அதே நீதிமன்றத்தில் அனுமதி கேட்டுக்கொள்ளலாம். வீட்டை மனுவில் சேர்க்காத குடும்பங்களுக்கு ஆணை சீக்கிரம் வந்திருக்கிறது.

யார் காப்பாளர்? அம்மாதான் இயல்பாக முதலில் வருவார். ஆனால் 70 வயதில் வங்கிக்கும் நீதிமன்றத்துக்கும் அலைய முடியுமா, நாளைக்கு அவருக்கே முடியாமல் போனால் மறுபடி முதலிலிருந்தா என்று யோசியுங்கள். அம்மாவும் நீங்களும் சேர்ந்து கேட்கலாம். அம்மாவிடம் கலந்துகொள்ளாமல் நீங்களே முடிவெடுத்துவிடாதீர்கள். "என் புருஷனுக்கு நான் இருக்கும்போது நீ என்ன காப்பாளர்?" என்ற ஒரு வார்த்தையில் உடைந்த குடும்பங்கள் உண்டு.

நடைமுறை எப்படி இருக்கும் என்றால், மனுத் தாக்கலானதும் அரசுத் தரப்புக்கு நோட்டீஸ் போகும். பெரும்பாலும் அரசு மருத்துவமனை மருத்துவர்களைப் பார்த்து அறிக்கை தரச் சொல்வார்கள். அப்பாவை அங்கே அழைத்துப் போக முடியாத நிலை என்றால் அதை மனுவிலேயே சொல்லி, வீட்டுக்கு வந்து பார்க்கக் கேளுங்கள். கிராம நிர்வாக அலுவலரோ வருவாய் ஆய்வாளரோ வீட்டுக்கு வந்து, அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டுப் போவார்கள். யார் பார்த்துக்கொள்கிறார்கள், வீட்டில் தகராறு உண்டா, சொத்தின் மேல் யாருக்குக் கண் என்றெல்லாம் கேட்பார்கள். கோபப்படாதீர்கள். அந்தக் கேள்விகள் உங்கள் அப்பாவின் பக்கம் நின்று கேட்கப்படுகின்றன.

ஆணை வந்த பிறகு பலரும் செய்யும் தவறு, எஃப்டி பணத்தை எடுத்துத் தன் கணக்கில் போட்டுக்கொண்டு அதிலிருந்து செலவு செய்வது. நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் இரண்டு வருடம் கழித்துத் தம்பியின் மனைவி கேட்கும்போது எது அப்பா பணம், எது உங்கள் பணம் என்று பிரித்துக் காட்ட முடியாது. அப்பா பணம் அப்பா பெயரிலேயே இருக்கட்டும். ஒரு நோட்டுப் போடுங்கள். நான் பார்த்ததிலேயே சிறந்த கணக்கு ஒரு மளிகைக் கடைக்காரருடைய மகள் வைத்திருந்தது. நீளக் கணக்கு நோட்டு. இடது பக்கம் எடுத்தது, வலது பக்கம் செலவு: "டயப்பர் 2 பை, ராத்திரி ஆள் சம்பளம், பிசியோ 4 நாள், முடிவெட்ட வீட்டுக்கு வந்தவருக்கு." ஒவ்வொரு பில்லும் அந்தந்தப் பக்கத்தில் ஊசி குத்தி இருக்கும். அவருடைய அண்ணன் ஆட்சேபம் தெரிவிக்க வந்து, அந்த நோட்டைப் பத்து நிமிடம் புரட்டிவிட்டு, ஒன்றும் பேசாமல் போனார்.

செலவும் காலமும் கேட்பீர்கள். வக்கீல் கட்டணம் ஆளுக்கு ஆள் மாறும், அதில் நான் பொதுவாக ஒன்றும் சொல்ல முடியாது. குடும்பத்தில் எல்லோரும் ஒரே பக்கம் நின்றால் சில மாதங்களில் முடியும், ஒருவர் எதிர்த்தாலும் வருடக்கணக்காகும். அதுவரை எப்படிச் சமாளிப்பது என்றால், அவசரச் செலவுக்குக் குறிப்பிட்ட தொகையை எடுக்க இடைக்கால உத்தரவு கேட்டு மனுவோடு சேர்த்தே இன்னொரு மனுப் போடலாம். மருத்துவமனை பில்லும் மாதச் செலவுக் கணக்கும் இணைத்திருந்தால் நீதிமன்றம் அதைப் பெரும்பாலும் பரிவோடுதான் பார்க்கிறது.

வக்கீலைப் பார்க்கப் போகும்போது மருத்துவச் சீட்டுகள் முழுவதும் தேதி வரிசையில், பாஸ்புக், எஃப்டி ரசீதுகளின் நகல், வீட்டுப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, அப்பாவுடைய ஆதார், ஓய்வூதிய ஆணை, அம்மாவின் திருமணத்துக்கும் உங்கள் பிறப்புக்கும் ஆதாரம், ஆறு மாதச் செலவுக் கணக்கு எல்லாம் கொண்டுபோங்கள். தம்பியிடமிருந்து ஆட்சேபனை இல்லை என்ற உறுதிமொழிப் பத்திரம் கட்டாயம் வேண்டும். அதை அவன் சிங்கப்பூரில் இந்திய ஹை கமிஷனில் போய், அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டுச் சான்று வாங்கி, அசலைத் தபாலில் அனுப்ப வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் படம் செல்லாது. அவன் முன்பதிவு செய்து போய் வருவதற்கே நாளாகும், அதனால் வாசகத்தை வக்கீலிடம் வாங்கி முதலில் அவனுக்கு அனுப்பிவிடுங்கள், மற்றவற்றை அப்புறம் சேகரித்துக்கொள்ளலாம்.